மூன்று மணிக்கொரு தரம்

அந்தி சாயும்போதுதான் குழப்பம் கூடும் என்றார் டாக்டர்.
விளக்கை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.
பாவம், தெற்கிலிருந்து வந்தவர்.
வார்டோவில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி பாதி கழிந்துதான் தலைகாட்டும்.
இரண்டு மாதம் நீளும் அந்திக்கு
எந்த ஸ்விட்சைப் போட?

குன்வோர் முப்பத்தோரு வருடம்
வானிலை நிலையத்தில் இருந்தாள்.
மூன்று மணிக்கொரு தரம்
காற்று, மேகம், கடலின் கொந்தளிப்பு.
என் பெயர் போய்விட்டது. மகன் பெயரும்.
மூன்று மணிக்கொரு தரம் மட்டும் போகவில்லை.
நள்ளிரவு, மூன்று, ஆறு:
எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் தேடுவாள்.
நீ ஓய்வு பெற்றுப் பதினாலு வருஷம் ஆச்சு என்று
ஒவ்வொரு முறையும் சொன்னேன்.
ஒவ்வொரு முறையும் அப்போதுதான் வேலை போனவள்போல்
என்னைப் பார்த்தாள்.

செவ்வாய் இரவு எட்டரைக்கு
மடிக்கணினியில் நான்கு சதுரங்கள்.
ஒன்று நான்.
பூடோவின் சுன்னிவா, அப்பாவோடு இருப்பவள்,
அடுப்பின் குமிழ்களைக் கழற்றிச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறாள்.
கராஷோக்கின் அஸ்லாக்:
அவன் அம்மா நார்வீஜியனை உதறிவிட்டு
ஸாமி மொழிக்குத் திரும்பிவிட்டாள்.
அதைப் பேசிப் பள்ளியில் அடிபட்டவள்,
பிள்ளையும் படவேண்டாமென்று
அவனுக்குத் தராமலே வைத்திருந்த மொழி.
ஐம்பத்தெட்டு வயதில் அவன்
‘தண்ணீர்’ படிக்கிறான், ‘வலிக்கிறதா’ படிக்கிறான்.
ஹம்மர்ஃபெஸ்ட்டின் யோர்டிஸுக்கு
அக்டோபரில் கணவர் இறந்துவிட்டார்.
இன்னும் வருகிறாள்.
ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

கப்பல் எஞ்சின் அறையில் காதைத் தொலைத்தவன் நான்,
பேச்சும் குறைவு.
டிசம்பரில் ஒருநாள் சொன்னேன்:
நேற்றுக் கோட்டைக் கழற்றும்போது
அவள் கையை முறுக்கிவிட்டேன்.
மணிக்கட்டில் நீலம்.

யாரும் பதறவில்லை.
பரவாயில்லை என்றும் சொல்லவில்லை,
அதற்கு நன்றி.
அஸ்லாக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், வெகு நேரம்.
சுன்னிவா மட்டும் கேட்டாள்:
அவருக்கு வெளியே போக வேண்டுமா,
எழுதி வைக்க வேண்டுமா?

மறுநாள் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.
ஜன்னலோரம் நாற்காலி, பென்சில்.
தெருவிளக்கில் பனி எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்து
வடகிழக்கு, ஏழு என்பாள்.
எழுதுவாள்.
கோட்டைத் தானே கழற்றிவிட்டுப் படுப்பாள்.
காலையில் வானொலியோடு ஒத்துப்பார்ப்பேன்.
ஓரிரண்டு தவறும்.
வானொலிக்கும் தவறும்.

போன செவ்வாய், யோர்டிஸ் பேசிக்கொண்டிருக்கையில்
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.
விழித்தபோது ஒன்பது ஐம்பது.
திரை இருட்டு.
வாசலுக்கு ஓடினேன், பூட்டு பூட்டியபடி.
குன்வோர் கட்டிலில்,
சுவரைப் பார்த்து, சீரான மூச்சு.
நோட்டு மட்டும் கணினி முன்னால் திறந்து கிடந்தது.
நெட்டுக்குத்தான அவளுடைய கையெழுத்து, ஒன்பது மணிப் பதிவு:

பூடோ. மழை, தென்மேற்கு. குடை உடைந்திருக்கிறது.
கராஷோக். சுழிக்குக் கீழே முப்பத்திரண்டு. காற்று இல்லை.
பக்கத்தில் பனிக்கு ஒரு ஸாமிச் சொல்,
அஸ்லாக் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.
ஹம்மர்ஃபெஸ்ட். தெரியவில்லை, திரைச்சீலை மூடியிருக்கிறது.
அது அடிக்கப்பட்டு, கீழே:
திறந்து பார்த்துச் சொன்னார். நிலா, மேகத்துக்குள்.
வார்டோ. பனி நின்றது.
ஒருவர் தூங்குகிறார். எழுப்ப வேண்டாம்.

என் மடிமேல் அவளுடைய கோட்டு கிடந்திருக்கிறது,
ஓடியபோது தரையில் விழுந்திருந்தது.
எடுத்து ஆணியில் மாட்டினேன்.
நள்ளிரவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
பென்சில் மழுங்கியிருந்தது,
சீவி வைத்தேன்.